மாங்கொட்டைப் படத்தில் மீந்த நான்கு நிமிடம்

சென்னை விமான நிலையச் சுங்கச் சோதனையில் தகர டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். வினிகர் நெடி குப்பென்று எழுந்தது. சோதித்த பெண் அதிகாரி ஓர் எட்டு பின்னால் நகர்ந்து, "ஊறுகாயா சார்?" என்று கேட்டார்.

"சினிமா" என்றேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிலிம் சுருள் விளிம்பெல்லாம் நெளிந்து, அங்கங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காய்ந்த வெற்றிலைக் கட்டு மாதிரி இருந்தது. "கெட்டுப்போயிடுச்சே. இத எதுக்கு சார் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றீங்க?"

"இங்க உள்ளவரோடது. திருப்பிக் கொடுக்கணும்."

அவரே மூடியை அழுத்தி மூடிக் கையில் கொடுத்தார்.

கெட்டுப்போனது என் வீட்டில்தான். பினாங்கில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்தில், பழைய மின்விசிறிகளோடும் கிறிஸ்துமஸ் விளக்குகளோடும் இருபத்தொரு வருடம் கிடந்தது.

நான் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன். ஒரு காலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் திரைப்படச் சங்கம் நடத்தினோம். எனக்குக் கலை தெரியாது. புரொஜெக்டர் ஓட்டத் தெரியும். சங்கத்தில் ஒருவர் சென்னைக்குப் போனபோது முனிரத்தினம் என்பவரின் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டு, அவரைப் பினாங்குக்கு அழைத்தார். தங்கியது என் வீட்டில். ஒன்பது நாள்.

முனிரத்தினம் சித்தூர்க்காரர். சென்னையில் ஒரு பிலிம் லேபில் பிலிம் கழுவும் வேலை. விளம்பரப் படம் எடுப்பவர்களிடமும் செய்திப் படம் எடுப்பவர்களிடமும் மிஞ்சும் துண்டு பிலிமைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பார். லீவு நாளில் இரவல் கேமராவோடு ரயில் ஏறிவிடுவார். கதை கிடையாது, நடிகர் கிடையாது, சத்தமும் கிடையாது. முதல் படத்தின் பெயர் 'மொட்டை'. திருப்பதி பஸ் நிலையத்தில் முடியிறக்கிவிட்டு வரும் அப்பாக்களைப் பார்த்து அடையாளம் தெரியாமல் அழும் குழந்தைகள், ஆறு நிமிடத்துக்கு. இரண்டாவது காளஹஸ்தியில் வறண்ட சுவர்ணமுகி ஆற்று மணலில் ஒரு பகல் முழுக்க விழுந்து அழியும் காலடிகள்.

மூன்றாவதுதான் 'கொட்டை'. சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரிகள் நிறைய. சீசனில் சதையைப் பிழிந்தெடுத்துவிட்டுக் கொட்டையை மலைபோலப் பின்பக்கம் கொட்டிவிடுவார்கள். அப்படி ஒரு குவியலுக்கு எதிரே கேமராவை நட்டு, சம்பளமில்லாத லீவில் நாற்பது நாள், மணிக்குச் சில ஃபிரேம் என்று எடுத்திருக்கிறார். ஈ மொய்க்கும், வெயில் காயும், மழை பெய்யும், கொட்டைகள் வாய் திறந்து முளைக்கும். குவியலே ஒரு தோப்பாகப் போகிற நேரத்தில் லாரி வந்து, ஒரே மத்தியானத்தில் வாரிக்கொண்டு போய்விடும். மொத்தம் பதினொரு நிமிடம்.

பினாங்கில் பதினேழு பேர் வந்தார்கள். நாலு பேர் பாதியில் எழுந்து போனார்கள். முடிந்ததும் ஒரு சீனப் பழக்கடைக்காரர் எழுந்து, "எங்கள் கடைக்குப் பின்னால் டுரியான் கொட்டைகளும் இப்படித்தான் முளைக்கும், நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை" என்றார். அதை முனிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

ஈப்போ நகரில் இன்னொரு முறை காட்டலாம், படத்தை விட்டுப் போங்கள், அடுத்த மாதம் அனுப்பிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஈப்போ காட்சி நடக்கவே இல்லை. முனி இரண்டு கடிதம் எழுதினார். நான் வீடு மாறினேன். என் மனைவிக்கு உடம்புக்கு வந்தது. பிறகு சிலமுறை போன் செய்தார். லேபை மூடிவிட்டார்கள், நெகட்டிவ்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்கள், உன்னிடம் இருப்பதுதான் ஒரே பிரதி என்றார். இந்த வாரம் அனுப்புகிறேன் என்றேன். உண்மையாகவே அனுப்ப நினைத்தேன். அதற்கப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காததால் எனக்கும் மறந்துபோனது. வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தால் நன்றாயிருக்கும்.

போன மாதம் அவருடைய மனைவி மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. "அவருக்குக் கிட்னி போயிடுச்சிண்ணா. திருப்பதி ஆஸ்பத்திரியில கீறாரு. அந்தப் படத்தக் கேட்டுக்கினே கீறாரு."

டப்பாவைத் தேடி எடுத்தபோதுதான் அந்த நெடி. கோலாலம்பூரில் பழைய பிலிம்களை மீட்கும் ஒருவரிடம் ஓடினேன். பத்து நாள் போராடி நாலு நிமிடத்தை மட்டும் காப்பாற்றிக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். மிச்சத்தைத் தொட்டாலே உதிர்கிறது என்றார்.

திருப்பதி பஸ்ஸில் பாதிப் பேர் மஞ்சள் துணி உடுத்தியவர்கள். நான் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். புத்தூர் தாண்டியதும் டயர் வெடித்தது. எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு போனை எடுத்து நிறுவனத்தைத் திட்டியிருப்போம். இங்கே கண்டக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து, "அரை மணி நேரம், எல்லாரும் நிழல்ல நில்லுங்க, பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுங்க" என்றார். எல்லோரும் இறங்கிப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள். ஒரு குடும்பம் எனக்கும் இலைத் துண்டில் புளியோதரை கொடுத்தது. ஆற்காட்டுக்காரர்களாம். குடும்பத்தலைவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாதுங்க அது?" என்றார்.

"பிலிம். படம்."

"எந்த ஹீரோ படம்?"

"ஹீரோ இல்லிங்க. மாங்கொட்டை முளைக்கிறது."

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் புளியோதரை வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மல்லிகா நின்றிருந்தார். போட்டோவில்கூடப் பார்த்ததில்லை; டப்பாவைப் பார்த்து அவரே என்னிடம் வந்தார். ஒல்லியான பெண்மணி, விரல் நுனியெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. சித்தூரில் ஒரு கூழ் ஃபேக்டரியில்தான் இருபது வருடமாக வேலை. என் பையை வாங்கிக்கொண்டார். டப்பாவை வாங்க வந்த கை, நெடி பட்டதும் நின்றுவிட்டது.

"ஒண்ணு சொல்லணும்ண்ணா. அவருக்குக் கண்ணு தெரியாது. சுகருல போயிடுச்சி, மூணு வருஷம் ஆவுது. போன்ல சொன்னா நீங்க வராம பூடுவீங்களோன்னு சொல்லல."

முனி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டில் மூன்று தட்டு 'நாசி கண்டார்' குழம்புச்சோறு சாப்பிட்ட ஆள் பாதியாகியிருந்தார். காலடி கேட்டு, "யாரு?" என்றார்.

"செல்வராஜு. பினாங்கு."

"டப்பா கொண்டாந்துக்கீறியா?"

மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார். மூடியில் தன் கையால் ஒட்டிய காகிதப் பட்டை எங்கே என்று விரலால் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு கட்டைவிரலால் மூடியை நெம்பிக் கொஞ்சமாய்த் திறந்து, முகத்தருகே கொண்டுபோய், உடனே மூடிவிட்டார். லேபில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அந்த நெடி என்னவென்று அவருக்குத் தெரியும்.

"எத்தினி நிமிஷம் தேறிச்சி?"

"நாலு."

"எந்த நாலு?"

விமானத்தில் மூன்றரை மணி நேரமும் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களைத்தான் கோத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நடுவுல உள்ளது. முதல் மழை பேஞ்சு, முளைக்க ஆரம்பிக்கிற வரைக்கும்."

"லாரி வர்றது?"

"இல்ல முனி. அது போச்சு."

"அதான் படம்" என்றார்.

அவ்வளவுதான். டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மல்லிகா என்னை வெளியே அழைத்துப்போனார்.

அன்று நான் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, கீழே உணவகத்தில் சிவப்பு மிளகாய் விழுது தடவிய தோசை சாப்பிட்டேன். பினாங்கில் காரம் என்றால் தேங்காய்ப்பால் கூடவே வரும். இங்கே காரம் தனியாகத்தான் வருகிறது. கண்ணில் நீர் வந்தது. பரிமாறியவர் மோர் கொண்டுவந்து வைத்து, "ஊருக்குப் புதுசா?" என்றார். ஆமாம் என்றேன். "மேல தரிசனம் ஆச்சா?" இன்னும் இல்லை என்றேன். அவருக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

இரண்டாம் நாள் காலையில் மகள் சுமதி வந்திருந்தாள். ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் வேலை. லேப்டாப்பைக் கட்டிலின் சாப்பாட்டுப் பலகைமேல் வைத்து, "நைனா, போடட்டுமா?" என்றாள். அவர் தலையசைத்தார்.

மல்லிகா நின்றபடி இருந்தார். அவரும் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்த நாற்பது நாளும் பக்கத்தில் இருந்து, வெயிலுக்கும் மழைக்கும் கேமராவுக்குக் குடை பிடித்தவர். சென்னையில் முதலில் காட்டியபோது சுமதிக்குக் காய்ச்சல். அப்புறம் படம் என்னிடம் வந்துவிட்டது.

திரையில் குவியல் தெரிந்தது. கறுப்பு வெள்ளையில், நனைந்து மினுங்கியது.

"சொல்லு" என்றார் முனி.

"கொட்டையா கெடக்குது" என்றார் மல்லிகா.

"அது எனக்குத் தெரியும். வேற?"

"மழ நின்னுடுச்சி. ஈ வருது. ஒரு காக்கா வந்து குந்திச்சி, பறந்துடுச்சி."

"இப்போ எடது பக்கம் பாரு. கீழேயிருந்து ரெண்டு சாண் மேல. ஒண்ணு வாயத் தொறக்கும்."

மல்லிகா குனிந்தார். நானும் குனிந்தேன். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் என் கையால் ஓட்டிய படம், எனக்கு அது நினைவில்லை. இடது பக்கம், இரண்டு சாண் உயரத்தில், ஒரு கொட்டை மெல்ல வாயைத் திறந்தது.

"தொறக்குது" என்றார் மல்லிகா. அவர் குரல் மாறியிருந்தது. "வெள்ளையா நாக்கு மாதிரி வருது. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. அய்ய, அங்கயும் ஒண்ணு."

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்தவர் ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர். அவரும் எழுந்து வந்து பின்னால் நின்றார். "எங்க ஊட்டுல புழு தழை துன்றது இப்படித்தான் இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் படத்தின் வலது ஓரத்தில் ஏதோ குறுக்கே வந்து போனது. ஒரு நொடிகூட இல்லை. சுமதி நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினாள். ஒரு பெண்ணின் பாதம். மெட்டி தெரிந்தது.

"இது என் காலு" என்றார் மல்லிகா.

"தெரியும்" என்றார் முனி. "நீ குடைய மாத்திப் புடிக்கச் சொல்லோ உள்ள வந்துட்ட. லேப்ல எல்லாரும் வெட்டச் சொன்னாங்க."

"ஏன் வெட்டல?"

அவர் சுமதியிடம், "மேல ஓட்டு" என்றார். மல்லிகா முந்தானையால் லேப்டாப் திரையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

இரண்டாவது முறையும் போட்டோம். மூன்றாவது முறை போடும்போது முனி கையை உயர்த்தி, "சொல்லாத. நீங்க சும்மா பாருங்க. நான் கேட்டுக்கினு கீறேன்" என்றார்.

படத்தில் ஒலி கிடையாது. நாலு நிமிடமும் அவர் முகத்தை எங்கள் பக்கம் வைத்து, நாங்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் என்னை அருகே கூப்பிட்டார். "அந்த டப்பாவ ஊட்டுல மத்த ரீலுக்குப் பக்கத்துல வைக்கக்கூடாது. தொத்திக்கும்" என்றார். மத்த ரீல் என்றால் 'மொட்டை'யும் ஆற்று மணல் படமும். சித்தூரில் பீரோவில் இருக்கின்றன. அவற்றை நான் கொண்டுபோய்க் கோலாலம்பூரில் மாற்றித் தருகிறேன் என்றேன். அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவர் "பாக்கலாம்" என்றார். பிறகு, "அந்தப் பழக்கடைக்காரரு கீறாரா?" என்று கேட்டார். இறந்து பல வருடம் ஆகிவிட்டது. இருக்கிறார் என்றேன்.

மூன்றாம் நாள் காலை டயாலிசிஸுக்கு அழைத்துப்போனார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. பஸ் நிலையம் வரை நடந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓர் இளம் தாயும் மொட்டையடித்திருந்தாள். அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை அவளிடம் போக மாட்டேன் என்று பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதது. அவள் "நாந்தான்டி, அம்மாடி" என்று குரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை குரலுக்குத் திரும்பியது, தலையைப் பார்த்தது, மறுபடி அழுதது. முனி ஏன் இங்கே வந்து கேமராவோடு நின்றார் என்று அப்போது புரிந்த மாதிரி இருந்தது. போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சுமதி போன் செய்தாள். "அங்கிள், நைனா போயிட்டாரு." டயாலிசிஸ் நடக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸில் மல்லிகாவும் சுமதியும் ஏறினார்கள். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். டப்பா என்னிடமே இருந்தது. சித்தூர் நெருங்க நெருங்க மாம்பழ வாடை. ஃபேக்டரி வாசல்களில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். பஸ் அந்த வரிசையில் சிக்கி நகரவே இல்லை. இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள்.

கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். லேபை மூடியபின் சித்தூர் திரும்பிய முனி, கண் போகும்வரை கல்யாண வீடியோ எடுத்துத்தான் பிழைத்திருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் கல்யாண வீடியோ எடுக்கக் கொடுத்தவர்கள். மூன்று படங்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் சொன்னார்: "என் கல்யாணத்துல தாலி கட்டச் சொல்லோ, அத வுட்டுட்டு எங்க நைனா பந்தல் ஓரமா நின்னு கண்ணத் தொடைக்கறதப் புடிச்சிக்கினு கீறாரு. நாங்க சண்ட போட்டோம், வேற ஆள வெச்சிக்கலாம்னு சொன்னோம். நைனா போயி ஆறு வருஷம் ஆவுது. இப்போ அந்த எடத்ததான் போட்டுப் போட்டுப் பாக்கறேன்."

நான் அவரிடம், முனி சினிமா எடுத்தவர், வெளிநாட்டில் காட்டியிருக்கிறோம் என்றேன். "அப்படிங்களா" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பால் தெளித்த மறுநாள் நான் கிளம்ப வேண்டும். வீட்டில் மல்லிகா மட்டும் இருந்தார். சுமதி பில் கட்ட மின்சார ஆபீசுக்குப் போயிருந்தாள். எனக்குக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார். சாப்பிட உட்கார்ந்தேனே தவிர கை வைக்கவில்லை. முனியிடம் சொல்ல முடியாமல் போனதை இவரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

"என்னாலதான் கெட்டுச்சு. அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்லிட்டு மாடிப்படிக்குக் கீழ போட்டுட்டேன். வேற எதுவும் காரணம் இல்ல."

"தெரியும்ண்ணா" என்றார் மல்லிகா. "ரெண்டு மூணு வருஷம் தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்ல குந்திக்கினு இருப்பாரு. அப்பால வுட்டுட்டாரு. அனுப்பியிருந்தா பாத்திருப்பாரு. அப்போ கண்ணு இருந்துச்சி."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவில் இருக்கும் இரண்டு படங்களையும் கொடுங்கள், நானே கையில் கொண்டுபோய், முழுசாக மாற்றி, நானே கையில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். போக வர ஆகும் செலவு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு போகும் பேச்சு என்று எனக்கே கேட்டது.

மல்லிகா எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். உள்ளே சேலைகளுக்கு நடுவில் இரண்டு டப்பாக்கள். மேலே இருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பீரோவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வேணாம்ண்ணா. சுமதிக்கு லீவு கெடைக்கச் சொல்லோ அவளே மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போவா. எங்கள்து எங்ககிட்டயே இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு முடிவை எனக்குத் தெரிவித்தார், அவ்வளவுதான்.

"சரிம்மா" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. துன்னுங்க" என்று சொல்லி, ஆறிப்போன களிமேல் சூடாக இன்னொரு கரண்டி கீரை ஊற்றினார்.